அடிக்கிண்ணம்

செப்டம்பர். மூன்று நாள் மழை விட்டு
வெயில் எட்டிப் பார்த்ததும்
வோரு மாவட்டமே கூடையைத் தூக்கிக்கொண்டு
காட்டுக்குள் போய்விட்டது.
நான் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு
ஒரு வெள்ளைக் காளானை
எத்தனை கிலோபைட்டில் அடக்கலாம் என்று
முட்டி மோதிக்கொண்டிருக்கிறேன்.

ஹெல்வெ அனுப்பிய படம் பி.என்.ஜி., பதினோரு மெகாபைட்.
ஒரு புள்ளிகூடச் சிந்தவில்லை:
தொப்பி, தண்டு, பாசி,
தண்டில் ஏறும் எறும்பின் நிழல்.
என் மேசையில் இமைக்கும் நேரத்தில் திறக்கிறது.
பைன் மரங்களுக்கு அடியில்
சிக்னல் ஒற்றைக் கோடாய் நிற்கிற கைபேசியிலோ
மேலிருந்து வரி வரியாய் இறங்கும்.
தொப்பி வந்து சேர்வதற்குள்
பசித்தவன் பாதியை நறுக்கியிருப்பான்.

ஜேபெக்கில் போட்டேன். சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை,
தொண்ணூறு கிலோபைட்டுக்கு இறங்கி வந்தது.
எட்டுக்கு எட்டுக் கட்டமாய் நறுக்கி
கண் கவனிக்காததை எல்லாம் கழித்துவிடுமாம்.
வெளிச்சத்தைத் தொட அஞ்சும்,
நிறத்தில் தாராளமாகக் கை வைக்கும்.
பக்கத்தில் படுக்க வைத்த நல்ல காளானின்
அடி மடிப்புகளில்
ஒரு மெல்லிய ரோஜா நிறம் இருந்தது.
தேடுகிறேன், காணோம்.
இப்போது இரண்டும் ஒரே வெள்ளை,
சாப்பாடும் சாவும்.

கண் கவனிக்காததாம்.
யார் கண்?

ஏவிஃப் அறுபதிலேயே முடித்தது, மழமழவென்று.
ஹெல்வெ தொலைபேசியில் கத்தினாள்:
"தண்டுக்கு எவன் சவரம் செய்தது?
அந்தச் சிலும்பல்தானே அடையாளம்!"
பின்னணியை வெட்டி எடுத்துப் பார்த்தேன்.
இரவு நேரக் கறுப்புத் திரையில்
ஓரமெல்லாம் வெள்ளைப் பிசிறு,
கொலைகாரனுக்கு ஒளிவட்டம்.

போன வருஷம் உர்மோ.
கூரை வேலைக்காரன், கை நடுங்காதவன்.
"பக்கம் திறக்கவே இல்லை,
அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது,
சரி போ என்று வெண்ணெயில் போட்டேன்"
என்று இப்போது சிரிக்கிறான்.
தார்த்து மருத்துவமனையில் பத்தொன்பது நாள்.
அவன் மனைவி தீயு சிரிப்பதில்லை.
அந்தப் பக்கத்தை அமைத்தவன் நான் என்பது
அவளுக்குத் தெரியுமா, கேட்டதில்லை.

நேற்று ஹெல்வெ நேரிலேயே வந்துவிட்டாள்,
காலணிச் சேற்றோடு.
என் மின்கட்டண ரசீதைத் திருப்பி
பென்சிலால் நாலு கோடு இழுத்தாள்.
தண்டு. தண்டுக்குக் கீழே தரை.
தரைக்கும் கீழே, கிழிந்த பை போல ஒரு கிண்ணம்.
"இது மண்ணுக்குள் இருக்கிறது.
உன் பதினோரு மெகாபைட்டில் இது எங்கே?
பார்க்காதே, தோண்டு என்று போடு."

எஸ்.வி.ஜி.யில் புள்ளிகள் இல்லை.
இங்கே தொடங்கு, இப்படி வளை, அங்கே நில்
என்ற கட்டளைகள் மட்டும்.
நாலு கோடும் ஓர் அம்புக்குறியும் சேர்ந்து
இரண்டு கிலோபைட்.
எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது,
கண்ணாடியை வீட்டில் மறந்தவர்களுக்கு அது முக்கியம்.
புகைப்படம் அதற்குப் பின்னால் வரட்டும்,
ஜேபெக்தான், ஆனால் நிறத்தைத் தொடாதே என்று எச்சரித்து.
வெப்பி இன்னும் இளைக்கும்; ரோஜாவை நம்பி அதனிடம் தர மனமில்லை.
இருநூற்று எண்பது கிலோபைட். போகட்டும்.

இன்று மாலை
உர்மோ நின்ற சரிவிலேயே போய் நின்றேன்.
ஒற்றைக் கோடு சிக்னல்.
வரைபடம் வந்தது.
கீழே சாம்பல் சதுரம், காத்திருக்கிறது.
நான் காத்திருக்கவில்லை. முட்டி போட்டு
வெள்ளையாய் நின்ற ஒன்றின் காலடியில்
கத்தி முனையால் மண்ணைத் தள்ளினேன்.

இருந்தது.

கையைப் பாசியில் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது
புகைப்படம் பாதி இறங்கியிருந்தது.
அழகாகத்தான் இருந்தது.